மூலிகையில் புற்றுநோய் மருந்து தேடும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மூலிகைகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் பேராசிரியர்களுக்கும், அவர்களுக்காகச் செய்திக் குறிப்பு எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கும்,

போன மாதம் மறுபடியும் ஒரு செய்தி வந்தது. இந்தத் தடவை வேறு இலை, வேறு கல்லூரி. குடல் புற்றுநோய் செல்களை அழிக்கும் மூலிகையைப் பேராசிரியர் குழு கண்டுபிடித்துவிட்டது என்று தலைப்பு. கையில் குடுவையோடு ஒருவர், பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட நான்கு மாணவிகள். காலை எட்டு மணிக்குள் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் அதைப் போட்டுவிட்டார்கள். நான் அங்கே எதுவும் எழுதவில்லை, எழுதினால் சண்டையில்தான் முடியும். அவர்களிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாசகம் கிளம்புகிற இடம் நீங்கள்தான்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இப்படிப் பேசுகிறவனை இங்கிலீஷ் மருந்துக் கம்பெனி ஆள் என்று ஒதுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டதும், நானும் அக்காவும் படித்ததும் ஒரு மூலிகையால்தான். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். அப்பா பல வருடம் அதில் நித்தியகல்யாணி போட்டார். ஐப்பசி மழையை நம்பி விதைப்பது, ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீரும் பெரிதாகக் கேட்காது. பங்குனி வெயிலில் இலையை உருவிக் களத்தில் காயப்போடுவோம். வேரைத் தனியாகப் பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டுவோம். அந்த நாட்களில் எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கை கசக்கும், அந்தக் கையால் பிசைந்த சோறும் கசக்கும். வியாபாரி வண்டியோடு வந்து எடை போடுவார். இது எங்கே போகிறது என்று கேட்டால் "வெளிநாட்டுக்கு, கேன்சர் மருந்துக்கு" என்பார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஊரில் யாராவது சுடுகாட்டுப் பூ பயிர் செய்கிறவன் என்று கிண்டல் செய்தால், "உயிரைக் காப்பாத்துத பூடே" என்பார்.

அவர் சொன்னது உண்மை. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் வந்தன. வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். டன் கணக்கில் காய்ந்த இலையை வடித்தால் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும், ஒரு தடவைக்கு ஊசியில் ஏற்றுவது வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. இலைக்கும் மருந்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எங்கள் களத்திலேயே தெரிந்த விஷயம். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்த இலையை நாங்கள் ஒருநாளும் கஷாயம் வைத்துக் குடித்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் என் அப்பா. அவருக்கு 61 வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, துத்திக்கீரை சமைத்துச் சாப்பிடுவது என்று ஆறு மாதம் ஓடியது. அதற்கு யாரையும் குறை சொல்லமாட்டேன். ரத்தம் போவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஊர் இது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையையே 1923இல் மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார், அந்தத் துயரம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக வந்து நின்றது. நூறு வருடம் ஆகியும் அந்தக் கூச்சம் எங்கள் வீட்டுப் புழக்கடையில் அப்படியே இருந்தது. சரி, அது எங்கள் தப்பு.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

ஒருவழியாக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கொலோனோஸ்கோபி, பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். பெருங்குடலின் இடப்பக்கக் கடைசிப் பகுதியில் கட்டி, ஆனால் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவவில்லை. அந்த மருத்துவர் எங்களிடம் படம் வரைந்தே காட்டினார், இவ்வளவு நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிடலாம், இந்தக் கட்டத்தில் பிடிபட்டது நல்லது என்றார். அவர் சொன்னதன் எடை எனக்குப் பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது. அமெரிக்கக் கணக்குப்படி குடலுக்குள்ளேயே நிற்கும்போது பிடித்தால் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள், தூரத்து உறுப்புக்குப் பரவிவிட்டால் சுமார் 15 பேர். இரண்டு வாரம் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் சித்தப்பா ஒரு பேப்பர் கட்டிங்கோடு வந்தார். குடல் புற்றுநோய்க்கு முள்சீத்தா இலையில் மருந்து, பேராசிரியர் கண்டுபிடிப்பு என்று செய்தி. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர்கள் ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை இது. அதில் 'புற்றுநோய் செல்களை முற்றிலும் அழித்தது' என்று இருந்தது. 'பக்க விளைவு இல்லாதது' என்று இருந்தது. எதன் மேல் சோதித்தார்கள் என்று கடைசிப் பத்தியில்கூட இல்லை. "அண்ணே, பெரிய படிப்புப் படிச்சவங்க சொல்லுதாங்க, கத்தி வைக்காம முடிஞ்சா நல்லதுதானே" என்றார் சித்தப்பா. அவர் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். கத்திக்குப் பயந்துபோயிருந்த அப்பா அந்தத் துண்டை வாங்கி, நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். யார் வந்து ஆபரேஷனைப் பற்றிப் பேசினாலும் உறையை எடுத்துப் பிரித்துக் காட்டுவார். நானும் அக்காவும் அழுதுகூடப் பார்த்தோம். போட்டோவில் இருக்கிற வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் எங்கள் அழுகை நிற்கவில்லை.

ஐந்து மாதம். தினமும் காலையில் பத்து இலையைக் கிள்ளி நான்கு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து வெறும் வயிற்றில் குடித்தார். இடையில் ஒரு கடையிலிருந்து பொடியும் வந்தது, டப்பாவின் மேல் அதே செய்தியின் நகலை ஒட்டியிருந்தார்கள். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் இரவு வயிறு பானை மாதிரி உப்பி, குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. குடல் முழுக்க அடைத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவசர ஆபரேஷன் செய்து, வயிற்றில் வழி போட்டுப் பை மாட்டினார்கள். ஸ்கேனில் ஈரலில் நான்கு இடத்தில் தெரிந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் படம் வரைந்து காட்டிய அதே மருத்துவர் எங்களைத் திட்டவில்லை, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அப்பா அதன் பிறகு 14 மாதம் இருந்தார்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன், ஆனால் அவர் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகப் பேசினார். ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார். உள்ளங்கையளவு தட்டு, அதில் 96 குழி. ஒவ்வொரு குழியிலும் செல்லை வளர்த்து, சாற்றை ஊற்றி, அப்புறம் மஞ்சள் சாயம் விடுகிறார்கள். உயிரோடு இருக்கிற செல் அந்தச் சாயத்தை ஊதா நிறமாக்கும், செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். ஒரு ஓரத்தில் அடர்ந்த ஊதா, போகப் போக வெளிறி, மறு ஓரத்தில் வெறும் மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இதுதாங்க ரிசல்ட்" என்றார். அந்த மஞ்சள் குழிகளுக்காகத்தான் அப்பா ஆபரேஷன் தேதியை விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் அப்பா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்க யாரையும் சாப்பிடச் சொல்லலையே தம்பி" என்றார். இந்த மடலே அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில்தான்.

முள்சீத்தாவை எடுத்துக்கொள்வோம். கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று அதைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1996இல் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முள்சீத்தாவின் விதையிலிருந்து சில பொருட்களைப் பிரித்தார்கள். அதில் ஒன்று, ஹெச்டி-29 என்ற குடல் புற்றுநோய் செல்லின் மேல், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியத்தோடு வேலை செய்தது. அதாவது விதை, இலை இல்லை. பிரித்தெடுத்த ஒரே பொருள், கஷாயம் இல்லை. ஹெச்டி-29 என்பது 1964இல் 44 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை தட்டில் வளர்த்துவருகிற செல், படுக்கையில் கிடக்கும் நோயாளி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அட்ரியாமைசின் குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தே இல்லை. அதைவிடப் பத்தாயிரம் மடங்கு என்றால் அதில் நோயாளிக்கு என்ன இருக்கிறது? உங்களில் யாருக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. ஆனால் முள்சீத்தா பற்றி எந்தச் செய்திக் குறிப்பிலும் இதை நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் பார்க்கவில்லை. கரீபியனில் குவாதலூப் என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே முள்சீத்தாப் பழமும் அதன் இலைத் தேநீரும் தினசரி பழக்கம். வழக்கமான மருந்துக்கு அடங்காத பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அங்கே அதிகமாக இருப்பதற்கும் அந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழிலேயே வந்தது. பர்டியூவில் பிரித்தார்களே, அதே குடும்பப் பொருள் ஒன்று எலியின் மூளைச் செல்லைக் கெடுக்கிறது என்றும் பிற்பாடு காட்டினார்கள். 'பக்க விளைவு இல்லாதது' என்ற மூன்று வார்த்தையை எழுதியவர் எதை வைத்து எழுதினார்? தட்டில் இருக்கிற செல்லுக்குக் கை நடுங்குமா?

அப்புறம், நீங்கள் இலையை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைத்தோம். மெத்தனாலில் இறங்குவது எல்லாம் தண்ணீரில் இறங்காது என்று பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலே சொல்லும். தட்டில் ஊற்றிய அளவு ரத்தத்தில் சேரவேண்டுமானால் எத்தனை கிலோ இலை தேவை, குடலில் அது உறிஞ்சப்படுமா, ஈரல் அதை விட்டுவைக்குமா, ஒன்றும் குறிப்பில் இல்லை.

நீங்கள் சாப்பிடச் சொல்லவில்லைதான். ஆனால் விற்பவருக்கு நீங்கள் செய்துகொடுப்பதைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியாவில் 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று அதன் அட்டவணையில் புற்றுநோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பொடிக் கடைக்காரர் அதைத் தன் வாயால் சொன்னால் மாட்டிக்கொள்வார். அதனால் அவர் ஒன்றும் சொல்வதில்லை, உங்கள் செய்தியை நகலெடுத்து டப்பாவில் ஒட்டுகிறார். சட்டப்படி அவர் எழுத முடியாத விளம்பரத்தை, அரசுச் சம்பளத்தில், கல்லூரி முத்திரையோடு நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அப்பா கடைக்காரரை நம்பவில்லை. உங்களை நம்பினார்.

இனி அப்பாவின் கீமோ பற்றி. இதைச் சொல்லாவிட்டால் மடலே முழுமையாகாது. முதலில் கொடுத்த மருந்து சில மாதத்தில் நின்றுபோனது. அடுத்ததாக இரினோடிகான் என்ற மருந்து. பழுப்புக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வெளிர்மஞ்சளாக நீர். நர்ஸ் அதை சலைன் பாட்டிலில் கலந்து, ஒன்றரை மணி நேரம் இறங்குகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். அப்பா சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுதுபோகட்டும் என்று நான் போனில் படித்ததை அவரிடம் சொன்னேன், இது சீனாவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கண்டுபிடித்த பொருளை மாற்றிச் செய்த மருந்து என்று. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏல, அப்பம் இதுவும் மரத்துலருந்து வாரதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதை முன்னாடியே யாரும் சொல்லலையே" என்றார். குப்பியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, நித்தியகல்யாணி இலையைப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குடல் புற்றுநோய்க்கு மூலிகை மருந்து ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்ப்டோதெசின் என்ற அந்தப் பொருளைப் பிரித்து அதன் அமைப்பை 1966இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். வானி மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்தவர். தட்டிலும் எலியிலும் அது அற்புதமாக வேலை செய்தது. 1970களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ரத்த அணுக்கள் சரிந்தன, சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்தது, நிறுத்திவிட்டார்கள். 1985இல்தான் அது டோபோஐசோமெரேஸ்-1 என்ற நொதியைப் பிடித்துக்கொண்டு செல்லைச் சாகடிக்கிறது என்று தெரிந்தது. ஜப்பானில் யாகுல்ட் கம்பெனி, நம் கடைகளில் குட்டி பாட்டிலில் வருகிற அதே யாகுல்ட், அந்த மூலக்கூறை மாற்றி இரினோடிகானாக்கியது. பரவிய குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996இல். 1966இலிருந்து 30 வருடம். நடுவில் தோற்றதும் சேர்ந்துதான் அந்த 30 வருடம்.

நம் ஊருக்கும் இதில் இடம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, பிற்பாடு பம்பாயில் வேலை பார்த்தபோது, 1972இல் விஸ்வநாதனோடு சேர்ந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றிலும் இதே கம்ப்டோதெசின் இருப்பதைக் காட்டினார். நாறுகிறது என்று பொருள் வருகிற சொல் ஒன்று அன்றைக்கு அதன் தாவரவியல் பெயரில் இருந்தது. அப்புறம் மருந்துக்காக வெட்டி வெட்டி அந்த மரமே காட்டில் அருகிப்போனது. அது இன்னொரு வருத்தம், அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, உங்களுக்கு முன்னால் இப்படி ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்தானே? எங்களுக்கு மட்டும் ஏன் 96 குழியோடு கதையை முடிக்கிறீர்கள்?

மனிதர்களிடம் சோதித்தால் என்ன வரும் என்பதற்கு இரண்டு உதாரணம். மஞ்சளில் இருக்கிற குர்குமின் தட்டில் குடல் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று எத்தனையோ கட்டுரை. பரம்பரையாகக் குடலில் பாலிப் என்ற சதை முளைகள் நூற்றுக்கணக்கில் வருகிற நோயாளிகள் 44 பேருக்கு ஒரு வருடம், பாதிப் பேருக்கு தினம் 3 கிராம் குர்குமின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பாலிப்பின் எண்ணிக்கையிலும் அளவிலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. இன்னொன்று பெர்பெரின், நம் மரமஞ்சளில் இருக்கிற மஞ்சள் பொருள். சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஏற்கெனவே பாலிப் அகற்றியவர்களை, இரண்டு பிரிவாக்கி, மறுபடி மறுபடி கொலோனோஸ்கோபி செய்து பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பாலிப் திரும்ப வந்தது, பெர்பெரின் சாப்பிட்டவர்களில் 36 சதவீதம். இது பாலிப், புற்றுநோய் இல்லை. அளந்து கொடுத்த மாத்திரை, மரமஞ்சள் கஷாயம் இல்லை. இதை எழுதும்போதே யாராவது நாளைக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மரமஞ்சள் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை தடவை சொல்கிறேன். செய்திக் குறிப்பு எழுதும்போது உங்களுக்கும் அந்தப் பயம் வரவேண்டும்.

கீமோ நடக்கும்போதும் வீட்டுக்கு இலை வந்துகொண்டுதான் இருந்தது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடிகானின் வேலை செய்கிற பகுதியை ரத்தத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிடுகிறது என்று 2002இலேயே கண்டுபிடித்தார்கள். நம் கஷாயங்களில் எது என்ன செய்யும் என்று யார் சோதித்தார்கள்? அப்பா இரண்டு சுழற்சிக் காலம் எங்களுக்குத் தெரியாமல் குடித்திருக்கிறார், மருத்துவரிடமும் சொல்லவில்லை. திட்டுவார்கள் என்று பயம்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆராய்ச்சி மாணவருக்கு மூன்று வருடத்தில் கட்டுரை வேண்டும், செல் வாங்கக் காசு இருக்கிறது, நோயாளிகளிடம் சோதனை நடத்தக் காசு இல்லை. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட பேப்பர் கட்டிங் வேண்டும். தலைப்பை நிருபர்தான் மாற்றினார் என்றும் சொல்வீர்கள், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மறுநாள் மறுப்பு எழுதி அனுப்பியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டிங்கைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைத்தான் பார்த்தேன்.

எனவே நான் கேட்பது இவை.

உங்கள் செய்திக் குறிப்பின் முதல் வரியிலேயே எதன் மேல் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். தட்டில் வளர்த்த செல் என்றால் தட்டில் வளர்த்த செல், எலி என்றால் எலி. 'இது மனிதர்களிடம் சோதிக்கப்படவில்லை' என்ற வாக்கியம் தலைப்புக்கு நேர் கீழே வரட்டும். மனிதர்களிடம் சோதிக்காதவரை 'மருந்து', 'குணப்படுத்தும்', 'பக்க விளைவு இல்லாதது' என்ற சொற்களைத் தொடாதீர்கள். என்ன அளவு ஊற்றினீர்கள், எந்தத் திரவத்தில் சாறு எடுத்தீர்கள், நல்ல செல்லுக்கு என்ன ஆனது என்று இரண்டு வரி சேருங்கள். அதோடு, 'மருத்துவர் சொன்ன ஆபரேஷனையோ கீமோவையோ இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி அன்றைக்கு அந்தத் துண்டுத் தாளில் இருந்திருந்தால் அதை அப்பாவிடம் விரலை வைத்துக் காட்டியிருப்பேன்.

துணைவேந்தர்களையும் கல்லூரி முதல்வர்களையும் கேட்கிறேன், நோய் பற்றிய எந்தக் குறிப்பும் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியே போகக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். பத்திரிகை தலைப்பை மாற்றிவிட்டால் அன்றைக்கே எழுத்தில் திருத்தம் கேளுங்கள், அதை உங்கள் இணையதளத்திலும் போடுங்கள். உங்கள் பெயரையோ படத்தையோ பொடி டப்பாவில் பார்த்தால் 1954ஆம் வருடச் சட்டத்தைக் காட்டி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். ஏமாந்து வாங்கியவரைவிட உங்கள் புகாருக்குத்தான் எடை அதிகம்.

ஒரே இலையைப் பத்துக் கல்லூரி பத்துத் தட்டில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நம்பிக்கை தருகிற ஒன்றை மட்டும் எடுத்து, சித்த மருத்துவர்களும் புற்றுநோய் மருத்துவர்களும் சேர்ந்து மனிதர்களிடம் முறையாகச் சோதியுங்கள். இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து அப்படிப்பட்ட சோதனைகளை முன்கூட்டியே சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம், பதிந்து, யாரும் பார்க்கிற மாதிரி செய்யுங்கள். பலிக்கவில்லை என்றால் அதையும் அதே அளவு எழுத்தில் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அந்தச் சோதனைக்கு அரசிடம் நிதி கேட்டுப் போராடினால் என் மாதிரி குடும்பங்கள் உங்கள் பின்னால் வந்து நிற்கும், நான் கட்டாயம் வருவேன்.

கடைசியாக, டீ வாங்கிக் கொடுத்த அந்தப் பேராசிரியருக்கு. உங்கள் முள்சீத்தா செய்தி இன்னும் உங்கள் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது, நேற்று ராத்திரிகூடப் பார்த்தேன். அதன் மேல் திருத்தக் குறிப்பு ஒன்று போடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், என் எண் உங்களிடம் இருக்கிறது. அப்பா மடித்து வைத்த துண்டை ரேஷன் கார்டு உறையோடு எடுத்து வருகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம்.

இப்படிக்கு,
கோவில்பட்டிப் பக்கத்து நித்தியகல்யாணி விவசாயி ஒருவரின் மகன்